நாய்க்குட்டி வந்தாயிற்று, பூச்சி மருந்து கொடுத்தாயிற்றா?

பெங்களூரில் மழை ஓய்ந்து குளிர் தொடங்குகிற மாதங்களில் தெருவுக்குத் தெரு நாய்க்குட்டிகள் தென்படும். கட்டடம் கட்டுகிற இடத்து மணல் குவியல், ஓரமாக நிறுத்திய லாரியின் அடிப்பக்கம், பூட்டிக் கிடக்கும் கடையின் படிக்கட்டு என்று எங்கே கொஞ்சம் கதகதப்புக் கிடைக்கிறதோ அங்கே நாலைந்து குட்டிகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சுருண்டு கிடக்கும். பள்ளிக்கூடம் விட்டு வரும் பையன் அவற்றில் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுகிறான். "எங்கே எடுத்தாயோ அங்கேயே விட்டுவிட்டு வா" என்று தாயார் முதலில் சத்தம் போடுகிறார். ராத்திரிக்குள் குட்டிக்குப் பெயர் வைத்தாகிவிடுகிறது. அதே தாயார்தான் ஒரு கிண்ணம் நிறையப் பாலைக் காய்ச்சி ஆற்றி வைக்கிறார்.

மறுநாள் காலையில் கூடமெல்லாம் பேதி. இரண்டொரு நாளில் அதில் சேமியா இழைபோல வெள்ளையாக ஏதோ நெளிகிறது. வீட்டில் ஒரே கலவரம். "தெருவில் கிடந்தது அல்லவா, கண்டதைத் தின்று பூச்சி பிடித்திருக்கிறது" என்கிறார் பாட்டி. ஆயிரக்கணக்கில் பணம் கொடுத்து லாப்ரடார் குட்டி வாங்கிய எதிர் வீட்டுக்காரர், தம் குட்டிக்கு இந்தத் தொல்லையெல்லாம் வராது என்று நிம்மதியாக இருக்கிறார். இரண்டு பேர் நினைப்பும் தவறு.

தாய் கொடுத்த சீதனம்

நாய்க்குட்டிகளின் குடலில் மிகச் சாதாரணமாகக் காணப்படுவது உருளைப் புழு. டாக்ஸோகாரா கேனிஸ் என்பது அதன் விஞ்ஞானப் பெயர். நாலைந்து அங்குல நீளத்துக்கு, சில சமயம் அதற்கு மேலும் வளரும். இது குட்டிக்கு வந்து சேர்வது பெரும்பாலும் தெருவிலிருந்து அல்ல, தாயிடமிருந்து. பெண் நாயின் உடலுக்குள் எப்போதோ புகுந்த இளம்புழுக்கள் அதன் தசைகளிலும் உள்ளுறுப்புகளிலும் போய் உறங்கிக் கிடக்கின்றன. மாதக்கணக்கில், ஏன் வருஷக்கணக்கில்கூட. அந்த நிலையில் அவற்றை வழக்கமான பூச்சி மருந்து தொடுவதில்லை. மலத்தைப் பரிசோதித்தாலும் தெரியாது. பார்ப்பதற்கு நாய் திடகாத்திரமாகவே இருக்கும்.

நாய் சினையானதும் அவை விழித்துக்கொள்கின்றன. நாயின் சினைக்காலம் சுமார் 63 நாள். அதில் 42 ஆம் நாள் வாக்கில் இளம்புழுக்கள் நஞ்சுக்கொடி வழியாகக் கருவிலிருக்கும் குட்டிகளின் உடலுக்குள் புகுந்துவிடுகின்றன. மிச்சமிருப்பவை தாய்ப்பாலோடு வருகின்றன. பிறந்த குட்டியின் ஈரலிலிருந்து நுரையீரலுக்குப் போய், மூச்சுக்குழல் வழியே மேலேறி, இருமும்போது தொண்டைக்கு வந்து, விழுங்கப்பட்டு, குடலில் போய் நிலைகொள்கின்றன. சின்னக் குட்டி காரணமில்லாமல் இருமினால் இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். குட்டிக்கு மூன்று வாரம் ஆகும்போது புழுக்கள் முட்டையிடத் தயாராகிவிடுகின்றன. கண் திறந்து பத்து நாள்தான் ஆகியிருக்கும்! ஒரு பெண் புழு நாளொன்றுக்கு லட்சம் முட்டைக்கு மேலும் இடக்கூடியது.

ஆகவே, ராஜபாளையமோ, மூதோளோ, தெரு நாயோ, சான்றிதழோடு வந்த வெளிநாட்டு ஜாதியோ, எந்தக் குட்டியானாலும் வயிற்றில் புழு இருப்பதாகவே வைத்துக்கொண்டு மருந்து கொடுக்க வேண்டும் என்பதுதான் கால்நடை டாக்டர்கள் எல்லோரும் சொல்வது. தரையைத் தினம் இரண்டு வேளை துடைக்கிற வீட்டில் பிறந்த குட்டிக்கும் இதில் விலக்கு இல்லை. வயிறு மட்டும் பானை போல உப்பி, விலா எலும்பு தெரிகிற குட்டியைக் கண்டு "நன்றாகத் தின்று கொழுத்திருக்கிறது" என்று சந்தோஷப்படுகிறவர்கள் உண்டு. அந்த உப்பல் கொழுப்பல்ல.

ரத்தம் குடிக்கும் கொக்கி

உருளைப் புழுவைவிடப் பொல்லாதது கொக்கிப் புழு. அரை அங்குலம் இருந்தால் அதிகம். கண்ணில் படுவதே இல்லை. குடல் சுவரைப் பற்களால் கவ்விக்கொண்டு ரத்தத்தை உறிஞ்சுவது இதன் தொழில். ஒரு புழு ஒரு நாளில் குடிப்பது ஒன்றிரண்டு துளிதான். ஆனால் ஒரு கிலோ எடையுள்ள குட்டியின் உடம்பில் இருக்கிற மொத்த ரத்தமே சுமார் 85 மில்லி. நூறு புழு இருந்தால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஈறு வெளுத்துப் போவதும், மலம் தார் போலக் கறுத்து ஒட்டுவதும் இதன் அடையாளங்கள். ஆரோக்கியமான குட்டியின் ஈறு இளஞ்சிவப்பாக இருக்கும். உதட்டைத் தூக்கிப் பார்க்க ஒரு விநாடி போதும்; ஆனாலும் பெரும்பாலோர் பார்ப்பதில்லை.

கொக்கிப் புழுவும் தாய்ப்பாலின் வழியே குட்டிக்கு வருகிறது. அது முட்டையிடத் தொடங்குவதற்கு முன்பே குட்டி ரத்தசோகையால் இறந்துவிடுவதும் உண்டு. "மலத்தைப் பரிசோதித்தாயிற்று, முட்டை இல்லை" என்று ரிப்போர்ட் வந்தாலும் சின்னக் குட்டி விஷயத்தில் அதை முழுதாக நம்பி மருந்தை நிறுத்த முடியாது என்பது இதனால்தான்.

ஈரமான மண்ணிலிருந்து தோல் வழியாகவும் கொக்கிப் புழு நுழையும். மனிதர்களைப் பிடிக்கும் கொக்கிப் புழு அப்படி நுழைகிறது என்பதைக் கண்டறிந்தவர் ஆர்தர் லூஸ் என்ற ஜெர்மானிய விஞ்ஞானி. 19 ஆம் நூற்றாண்டின் கடைசி ஆண்டுகளில் கெய்ரோவில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தபோது புழு இருந்த நீர் தவறுதலாக அவர் கையில் சிந்தியது. சிந்திய இடம் அரித்துச் சிவந்தது. சில வாரங்களில் அவருடைய மலத்திலேயே புழுவின் முட்டைகள் தென்பட்டன. நாயின் கொக்கிப் புழு மனிதத் தோலுக்குள் புகுந்தால் சாதாரணமாகக் குடல்வரை போவதில்லை. தோலுக்கடியிலேயே வழி தெரியாமல் ஊர்ந்து, வளைந்து வளைந்து செல்லும் சிவந்த கோடுகளை உண்டாக்கும். அரிப்பு தாங்க முடியாது. நாய் மலம் கழித்த ஈர மணலில் வெறுங்காலோடு விளையாடும் குழந்தைகளுக்கு இது வருவதுண்டு.

ஒரு தடவை போதாது

இங்கேதான் பலர் ஏமாந்துபோகிறார்கள். மருந்து கொடுத்தார்கள்; புழு விழுந்தது; கதை முடிந்தது என்று இருந்துவிடுகிறார்கள். மருந்து கொல்வது அன்றைக்குக் குடலில் இருக்கிற புழுக்களைத்தான். நுரையீரலில் பாதி வழியில் இருப்பவையும், நாளைக்குத் தாய்ப்பாலில் வரப்போகிறவையும் தப்பிவிடுகின்றன. இரண்டு வாரத்தில் அவை குடலுக்கு வந்து காலியான இடத்தை நிரப்பிக்கொள்ளும்.

அதனால்தான் பிறந்த 15 ஆம் நாள் வாக்கில் முதல் தவணை, பிறகு 15 நாளைக்கு ஒரு தவணை என்று 12 வாரம் வரை, அதன்பின் ஆறு மாதம் ஆகும்வரை மாதம் ஒரு தடவை, வளர்ந்த பிறகு பொதுவாக மூன்று மாதத்துக்கு ஒரு தடவை என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். பால் கொடுக்கும் தாய் நாய்க்கும் குட்டிகளோடு சேர்த்தே கொடுக்க வேண்டும். இரண்டு மாதக் குட்டியாக வாங்கி வருகிறவர்கள், கொடுத்தவரிடம் எந்தத் தேதியில் என்ன மருந்து கொடுத்தார் என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்வது நல்லது. "எல்லாம் போட்டாயிற்று சார்" என்ற வாய் வார்த்தையை வைத்துக்கொண்டு டாக்டரால் ஒன்றும் செய்ய முடியாது.

குட்டிகளுக்குப் பெரும்பாலும் கொடுப்பது பைரன்டெல் என்ற திரவ மருந்து. ஃபென்பென்டசோல் என்றால் வழக்கமாக மூன்று நாள் தொடர்ந்து கொடுப்பார்கள். எதுவானாலும் எடையைப் பார்த்துத்தான் அளவு. கடையில் விற்கும் மாத்திரைகள் பல 10 கிலோ எடைக்கு ஒன்று என்ற கணக்கில் தயாரானவை. அவற்றை இரண்டு கிலோ குட்டிக்குக் கண்மதிப்பில் கிள்ளிக் கொடுப்பது சரியல்ல. எடை பார்ப்பது பிரமாத காரியமும் அல்ல. குட்டியைக் கையில் வைத்துக்கொண்டு எடை மெஷினில் ஏறி நிற்க வேண்டியது. பிறகு தனியாக ஏறி நின்று கழித்துக்கொள்ள வேண்டியது.

இன்னொரு எச்சரிக்கை. 2015 முதல் தேசியக் குடற்புழு நீக்க நாளில் பள்ளிகளிலும் அங்கன்வாடிகளிலும் குழந்தைகளுக்கு அல்பெண்டசோல் மாத்திரை கொடுக்கிறார்கள். நல்ல திட்டம். ஆனால் வீட்டில் மிஞ்சிய அந்த மாத்திரையை "பூச்சி எல்லாம் ஒன்றுதானே" என்று நாய்க்குட்டிக்குப் போட்டுவிடக் கூடாது. நாய்களில் அது எலும்பு மஜ்ஜையைப் பாதித்து ரத்த அணுக்களைக் குறைத்துவிடக்கூடும். மாட்டுக்குப் போடும் ஐவர்மெக்டின் ஊசியும் அப்படித்தான். கோலி போன்ற சில ஜாதி நாய்களுக்கு அது நரம்பு மண்டலத்தையே தாக்கும். வேப்பங்கொழுந்து, பாகற்காய்ச் சாறு வைத்தியத்தை நம்பிக் காலம் கடத்துவதிலும் பயனில்லை. பூண்டு ஒரு படி மேலே போய்க் கெடுதலே செய்யும்: நாயின் சிவப்பணுக்களை அது அழிக்கிறது. வெங்காயமும் அதே ரகம்.

மருந்து கொடுத்த மறுநாள் புழுக்கள் உயிரோடு விழுந்தால் பயப்பட வேண்டாம். மலம் ஒரு நாள் கொஞ்சம் இளகிப் போவதும் சகஜம். புழு மிக அதிகமாக இருந்த குட்டிக்கு, செத்த புழுக்கள் உருண்டு குடலை அடைத்துக்கொள்வது எப்போதாவது நடக்கும். வயிறு கல்போல இறுகி, குட்டி வாந்தியும் எடுத்தால் டாக்டரிடம் ஓட வேண்டும்.

அரிசி போல ஒட்டியிருப்பது

குட்டியின் ஆசனவாயைச் சுற்றியும் அது படுக்கும் துணியிலும் காய்ந்த அரிசி போல ஏதாவது ஒட்டியிருந்தால் அது நாடாப் புழுவின் துண்டு. இது தாயிடமிருந்து வருவதில்லை, தெள்ளுப்பூச்சி கொண்டுவருவது. நாய் தன் உடம்பைக் கடித்துச் சொறியும்போது தெள்ளுப்பூச்சியை விழுங்கிவிடுகிறது. அதற்குள் இருக்கும் நாடாப் புழு குடலில் வளர்கிறது. பைரன்டெல் இதைக் கொல்லாது. பிராசிகுவான்டெல் சேர்ந்த மருந்து தேவை. தெள்ளுப்பூச்சியை ஒழிக்காமல் மாத்திரை மட்டும் கொடுத்துக்கொண்டிருந்தால் மாதா மாதம் மருந்துக் கடைக்காரருக்குத்தான் லாபம்.

இறைச்சிக் கடையில் சும்மா கிடைக்கிறது என்று ஆட்டுக் குடல், நுரையீரல், ஈரல் துண்டுகளைப் பச்சையாக வாங்கிப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். ஹைடாடிட் என்ற நீர்க்கட்டி நோயை உண்டாக்கும் இன்னொரு நாடாப் புழு அந்த வழியாகத்தான் நாய்க்கு வருகிறது. நாயை அது அதிகம் வருத்துவதில்லை. நாயின் மலத்திலிருந்து அதன் முட்டை மனிதர் வயிற்றுக்குள் போனால் ஈரலிலும் நுரையீரலிலும் கட்டி வளரும். ஆபரேஷன் வரை கொண்டுபோய்விடும். நன்றாக வேகவைத்த இறைச்சியில் இந்த ஆபத்து இல்லை.

குட்டி பின்புறத்தைத் தரையில் தேய்த்துக்கொண்டு போனால் "பூச்சி கடிக்கிறது" என்பார்கள். பல சமயம் அது பூச்சியே அல்ல. ஆசனவாயின் இரு பக்கமும் உள்ள சிறு சுரப்பிகள் அடைத்துக்கொண்டிருக்கும்.

எல்லாப் பேதியும் பூச்சியல்ல

குட்டிகள் உயிரை விடுவது இந்த இடத்தில்தான். இரண்டு மாதக் குட்டி திடீரென்று சோர்ந்து படுக்கிறது. சாப்பாட்டைத் தொடவில்லை. முதலில் வாந்தி, பிறகு துர்நாற்றத்தோடு ரத்தம் கலந்த பேதி. வீட்டிலுள்ளவர்கள் "பூச்சிதான்" என்று முடிவு கட்டி, கடையில் பூச்சி மருந்து வாங்கிப் புகட்டிவிட்டு, நாளைக்குச் சரியாகும் என்று காத்திருக்கிறார்கள். நாளைக்குக் குட்டி இருப்பதில்லை.

அது பார்வோ வைரஸ். 1978 வாக்கில் உலகமெங்கும் ஒரே வீச்சில் பரவிய புது நோய். இன்றைக்கும் குட்டிகளை அதிகம் கொல்வது அதுதான். ஆறு வாரத்திலிருந்து ஆறு மாதம் வரையிலான குட்டிகளுக்கு ஆபத்து அதிகம். குடலின் உள் சுவரையே உரித்துப் போட்டுவிடும். வைரஸைக் கொல்ல மருந்து கிடையாது; டிரிப் ஏற்றி நீர்ச்சத்தைக் காத்து, வாந்தியை நிறுத்தி, மற்றக் கிருமிகள் தாக்காமல் ஊசி போட்டுக் குட்டியைத் தாங்கிப் பிடிக்க வேண்டும். சீக்கிரம் கொண்டுபோனால் பல குட்டிகள் பிழைத்துக்கொள்கின்றன. சிகிச்சை இல்லாமல் பிழைப்பவை மிகக் குறைவு. ஆகவே வாந்தி, ரத்த பேதி, சோர்வு இவை சேர்ந்து வந்தால் காத்திருக்கக் கூடாது. அன்றைக்கே, கூடுமானால் அந்த மணியிலேயே டாக்டரிடம் போக வேண்டும். அந்த நிலையில் வீட்டில் பூச்சி மருந்து கொடுப்பது நேரத்தை விரயமாக்குவதுதான்.

பார்வோவுக்குத் தடுப்பூசி உண்டு. ஆறிலிருந்து எட்டு வாரத்தில் முதல் ஊசி. பிறகு சில வார இடைவெளியில் திரும்பத் திரும்பப் போட்டு 16 வாரம் வரை கொண்டுபோக வேண்டும். இந்தக் கடைசி ஊசியைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். தாய்ப்பாலில் வந்த எதிர்ப்புச் சக்தி முதல் ஊசிகளை வேலை செய்யவிடாமல் தடுக்கக்கூடும் என்பதால் கடைசி ஊசிக்குத்தான் மதிப்பு அதிகம். வெறிநாய்க்கடித் தடுப்பூசி மூன்று மாதத்தில். அதைத் தள்ளிப்போடவே கூடாது. பார்வோவில் குட்டி இறந்த வீட்டில் அந்தக் கிருமி மாதக்கணக்கில் தங்கியிருக்கும். பினாயில் ஊற்றினால் போகாது. பிளீச்சிங் கரைசல் வேண்டும். துக்கம் ஆறட்டும் என்று அடுத்த வாரமே ஊசி போடாத இன்னொரு குட்டியை அதே வீட்டுக்குக் கொண்டுவருவது கொடுமை.

காக்சிடியா, ஜியார்டியா என்று கண்ணுக்குத் தெரியாத ஒற்றைச் செல் உயிர்களாலும் பேதி வரும். காக்சிடியாவுக்கு வழக்கமான பூச்சி மருந்து பலிக்காது. இரண்டு தவணை மருந்து கொடுத்தும் மலம் கெட்டிப்படவில்லை என்றால் மூன்றாவது தவணையைத் தேடுவதை விட்டு, அன்று காலைக் கழித்த மலத்தில் ஒரு சிறு துண்டை மூடியுள்ள புட்டியில் எடுத்துப் போய்ப் பரிசோதிக்கச் சொல்வதே சரி.

பாலும் ஒரு குற்றவாளி

முதல் நாள் பேதிக்குப் பெரும்பாலும் காரணம் அந்தக் கிண்ணம் நிறையப் பால். பசும்பாலிலுள்ள லாக்டோஸ் பல குட்டிகளுக்கு ஜீரணமாவதில்லை. தாயைப் பிரிந்த ஏக்கம், இடமாற்றம், புது ஆகாரம் எல்லாம் ஒரே நாளில் சேர்ந்தால் வயிறு கலங்காமல் என்ன செய்யும்? குட்டி இதற்குமுன் என்ன சாப்பிட்டதோ அதையே முதலில் கொடுத்து, ஒரு வாரத்தில் சிறுகச் சிறுகப் புது ஆகாரத்தைக் கலந்து மாற்ற வேண்டும். இரண்டு மாதக் குட்டிக்கு ஒரு நாளைக்கு நாலு வேளை, கொஞ்சம் கொஞ்சமாக.

குட்டி விளையாடிக்கொண்டு இருக்கிறது, மலம் மட்டும் இளக்கம் என்றால், குழைய வடித்த சோற்றோடு உப்பு, மசாலா சேர்க்காமல் வேகவைத்த கோழி இறைச்சியை மசித்து இரண்டொரு நாள் கொடுத்துப் பார்க்கலாம். தண்ணீர் எப்போதும் பக்கத்தில் இருக்க வேண்டும். சைவக் குடும்பங்களில் தயிர் சாதமும் பால் சாதமுமே போட்டு வளர்க்கிறார்கள். வளரும் குட்டிக்கு அந்தப் புரதம் போதாது. முட்டையாவது சேர்க்க மனமில்லாதவர்கள் குட்டிகளுக்கென்றே தயாரித்த ஆகாரத்தை வாங்குவது மேல். பண்டிகை நாளில் பாயசத்திலிருந்து எடுத்துப் போடும் உலர்ந்த திராட்சை நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். சாக்லேட்டும் விஷம். வேகவைத்த எலும்பு சிலாம்பாகப் பிளந்து குடலைக் குத்தும். மனிதர்களுக்கான வயிற்றுப்போக்கு மாத்திரை, வலி மாத்திரை எதையும் டாக்டரைக் கேட்காமல் கொடுக்கக் கூடாது.

தவழும் குழந்தை இருக்கிற வீடு

1950 இல் அமெரிக்காவில் ஹெலனோர் வைல்டர் என்ற பெண் விஞ்ஞானி, புற்றுநோய்க் கட்டி முதலிய சந்தேகத்தால் அகற்றப்பட்ட குழந்தைகளின் கண்களைச் சோதித்துப் பார்த்தார். பலவற்றில் இருந்தது கட்டியல்ல. ஒரு புழுவின் இளம் உரு. 1952 இல் பீவர் என்பவரும் அவருடைய சகாக்களும் குழந்தைகளின் ஈரலில் அலைந்து நோய் உண்டாக்கும் இளம்புழு நாயின் உருளைப் புழுதான் என்று காட்டினார்கள். வைல்டர் கண்டவற்றில் சிலவும் அதே ஜாதி என்பது பின்னர் தெரியவந்தது. மண் அளைந்த கையை வாயில் வைக்கும் வயதுக் குழந்தைகளே இதற்கு அதிகம் ஆளாகிறார்கள்.

இதைக் கேட்டதும் குட்டியைத் தெருவில் விட்டுவிடத் தேவையில்லை. புழுவின் முட்டை வெளியே விழுந்த உடனே தொற்றாது. மண்ணில் இரண்டிலிருந்து நாலு வாரம் கிடந்து முற்றிய பிறகே அது ஆபத்து. அதற்குப் பிறகோ மண்ணில் வருஷக்கணக்கில் சாகாமல் கிடக்கும், பினாயிலுக்கும் அசையாது. ஆகவே குட்டியின் மலத்தைத் தினமும் அன்றன்றே அள்ளி அப்புறப்படுத்துகிற வீட்டில் பெரும்பகுதி அபாயம் நீங்கிவிடுகிறது. தோட்டத்து மூலையில் போகட்டும், மண்ணுக்கு உரம்தானே என்று விடுகிற வீட்டில்தான் வினை வளர்கிறது. சிமெண்டுத் தரையானால் அள்ளியபின் கொதிக்கும் நீரை ஊற்றலாம். குட்டியோடு விளையாடிய கையைச் சோப்புப் போட்டுக் கழுவிய பிறகே சாப்பாட்டில் கை வைப்பது என்று பிள்ளைகளைப் பழக்க வேண்டும்.

தெரு நாய்கள் பற்றி 2025 ஆகஸ்ட் 22 அன்று உச்ச நீதிமன்றம் பிறப்பித்த உத்தரவில் கருத்தடை, தடுப்பூசி இவற்றோடு குடற்புழு நீக்கத்தையும் சேர்த்துச் சொல்லியிருந்ததை இந்த இடத்தில் நினைவுபடுத்தலாம். நாயின் வயிறு நாயோடு முடிகிற சமாசாரம் அல்ல.

டாக்டரிடம் போகும்போது

பெங்களூரில் அரசாங்கக் கால்நடை ஆஸ்பத்திரிகளும், ஹெப்பாளில் 1958 இல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரியும் இருக்கின்றன. தனியார் கிளினிக்குகளுக்கும் குறைவில்லை. கன்னடம் சரளமாக வராதவர்கள் "ஜந்து ஹுளு" என்று சொன்னால் போதும். வயிற்றுப் பூச்சிக்கு அங்கே அதுதான் பெயர். குட்டியின் எடை, பேதி எத்தனை நாளாக, எத்தனை தடவை, வாந்தி உண்டா, கடைசியாக மருந்து கொடுத்த தேதி இவற்றை ஒரு சீட்டில் குறித்துக்கொண்டு போனால் டாக்டருக்குப் பாதி வேலை மிச்சம். தெருவிலிருந்து வந்த குட்டியின் முன்கதை யாருக்கும் தெரியாது. குட்டி சுறுசுறுப்பாக இருந்தால் வந்த வாரத்திலேயே முதல் தவணை என்று வைத்துக் கணக்கை ஆரம்பித்துவிடலாம். முன்பே யாராவது ஒரு தடவை கொடுத்திருந்தாலும், எடைக்குத் தக்க அளவில் மறுபடி கொடுப்பதால் கெடுதல் இல்லை. அடுத்த தவணைத் தேதியை அப்போதே சமையலறைக் காலண்டரில் வட்டமிட்டு வைத்துவிடுவது உத்தமம்.